நேரு இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருந்திருந்தால்..? கொடைக்கானலில் காவலில் இருந்த ஷேக் அப்துல்லாவின் கதை

கொடைக்கானல்னா ஏரி, குணா குகை, மலைப்பூண்டுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனா, காஷ்மீரின் பிரதமராக இருந்த ஒருவர் இதே ஊரில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டிருந்தார் என்பது தெரியுமா? அவர்தான் ஷேக் அப்துல்லா. காஷ்மீரில் பிறந்தவர் பழனி மலைக்கு எப்படி வந்தார்? நேருவின் மரணத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

யார் இந்த ஷேக் அப்துல்லா?

1905ல் ஸ்ரீநகரை அடுத்த சௌராவில் சால்வை வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அலிகாரில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்து ஊர் திரும்பியவர், மன்னராட்சியை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார். மக்கள் வைத்த பெயர் காஷ்மீர் சிங்கம். நேருவின் நெருங்கிய நண்பர்.

காஷ்மீர் இந்தியாவோடு இணைந்த பிறகு, 1948ல் அந்த மாநிலத்தின் பிரதமரானார். அப்போது அங்கே முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர். 1953 ஆகஸ்டில் பதவி பறிக்கப்பட்டு கைதானார். அப்போது நாட்டின் பிரதமர் அதே நேருதான். இடையில் 1958ல் சில மாதங்கள் தவிர, சுமார் 11 ஆண்டுகள் சிறை.

1964ல் என்ன நடந்தது?

1962 சீனப் போருக்குப் பிறகு நேருவின் உடல்நிலை மோசமானது. காஷ்மீர் பிரச்னைக்கு முடிவு காண விரும்பிய அவர், 1964 ஏப்ரலில் அப்துல்லாவை விடுவித்து, தன் வீட்டிலேயே தங்கவைத்துப் பேசினார். அப்துல்லா சென்னைக்கும் வந்து ராஜாஜியைச் சந்தித்தார். பிறகு பாகிஸ்தான் சென்று அதிபர் அயூப்கானிடம் பேச, அவர் ஜூன் மாதம் டெல்லி வந்து நேருவைச் சந்திக்க ஒப்புக்கொண்டார்.

மே 27. அப்துல்லா முசாஃபராபாத்தில் இருந்தபோது அந்தச் செய்தி வந்தது. நேரு இறந்துவிட்டார். ஜூன் சந்திப்பு நடக்கவே இல்லை.

கொடைக்கானலுக்கு வந்தது எப்படி?

1965ல் ஹஜ் பயணம் போன அப்துல்லா, அல்ஜீரியாவில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். போர் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகாத நேரம். இந்தியாவில் கொந்தளிப்பு. மே மாதம் டெல்லி திரும்பியதும் கைது. முதலில் ஊட்டி, அடுத்து கொடைக்கானல்.

கோஹினூர் என்ற பங்களா அவருக்கு ஒதுக்கப்பட்டது. அழகான இடம்தான். ஆனா நகராட்சி எல்லையைத் தாண்டக் கூடாது, அனுமதி இல்லாமல் யாரையும் சந்திக்கக் கூடாது. மேல்மலையில் உள்ள பூண்டி, மன்னவனூர் பக்கம்கூட போக முடியாது. 1965 இந்தியா-பாகிஸ்தான் போர் இந்தக் காவலின்போதுதான் நடந்தது. 1966 ஜனவரியில் பிரதமர் சாஸ்திரியும் தாஷ்கண்டில் இறந்தார். 1967ல் டெல்லிக்கு மாற்றப்பட்ட அப்துல்லா, 1968 ஜனவரியில் விடுதலையானார்.

நேரு இருந்திருந்தால்?

தலைவர் இறக்கும் நேரம் வரலாற்றை மாற்றும். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் இறந்ததால் ட்ரூமன் அதிபரானார். ஓராண்டு முன்பே இறந்திருந்தால், அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸ் கையில் அமெரிக்கா போயிருக்கும்.

நேரு இருந்திருந்தால் ஜூன் சந்திப்பு நடந்திருக்கலாம். அடுத்த ஆண்டு போரும், கொடைக்கானல் காவலும் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்பது ஒரு தரப்பு. இன்னொரு பக்கமும் இருக்கு. 11 ஆண்டுகள் அவரைச் சிறையில் வைத்ததும் நேரு அரசுதான். கூட்டமைப்பு யோசனையை அயூப்கான் ஏற்கவில்லை. சீனாவிடம் தோற்ற பிறகு நேருவின் செல்வாக்கும் குறைந்திருந்தது. எனவே, பேச்சு தொடங்கியிருக்கும் என்று சொல்லலாமே தவிர, தீர்வு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

1975ல் இந்திரா காந்தியுடன் உடன்பாடு செய்துகொண்டு அப்துல்லா மீண்டும் பதவிக்கு வந்தார். ஆனா பிரதமராக இல்லை, முதல்வராக. பழைய அதிகாரங்கள் பலவும் திரும்பவில்லை. 1982 செப்டம்பர் 8ல் பதவியில் இருக்கும்போதே காலமானார்.