குருதிக் குழாய் தைத்த மேதை

கலகெதரயிலிருந்து குருணாகல் வீதி வழியே கண்டிக்குச் செல்லும் நோயாளர் பலரும் தேடிச் செல்வது கண்டிப் பெரியாஸ்பத்திரியையே. இலங்கையின் முதல் இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஆம் ஆண்டில் அங்கேதான் நடைபெற்றது. அச்செய்தியைப் படித்த நாள் முதல், கலகெதரயில் ஆசிரியத் தொழில் புரியும் நான், என் மாணவருக்கு ஒரு மேதையின் சரிதையைச் சொல்லி வருகிறேன். அவர் பெயர் அலெக்சிஸ் கரேல்.

கரேல் 1873 இல் பிரான்சு தேசத்து லியோன் நகருக்கு அருகே பிறந்தார். 1894 இல் அந்நாட்டு அதிபர் சாதி கார்னோ அந்நகரிலே கத்திக்குத்துக்கு இலக்காகி, குருதி பெருகி மாண்டார். அறுபட்ட பெருங்குழாயைத் தைக்கும் வித்தையை அக்கால வைத்தியர் அறிந்திலர். மருத்துவ மாணவராயிருந்த கரேலின் நெஞ்சை இது உறுத்தியது. பட்டுக்குப் பேர்போன அவ்வூரில், பூத்தையலில் வல்லவரான லெருதியே அம்மையாரிடம் மெல்லிய ஊசியைக் கையாளப் பயின்றார் என்பர். குழாயின் வட்ட வாயை மூன்று தையல்களால் இழுத்து முக்கோணமாக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நேராகத் தைக்கும் முறையை 1902 இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று, 1912 இல் நோபல் பரிசும் பெற்றார். உறுப்பு மாற்றுச் சிகிச்சை வளர்ந்தது அத்தையலின் மீதே.

ஆயினும் நுரையீரல் எளிதில் வசப்படவில்லை. அதற்கு இருவகைக் குருதியோட்டம் உண்டு. இருதயத்திலிருந்து தூய்மை பெற வரும் குருதி ஒன்று. மூச்சுக் குழாய்க் கிளைகளின் சுவரைப் போஷிக்கும் சிறு நாடிகளின் குருதி மற்றொன்று. மாற்றுச் சிகிச்சையில் பெருங்குழாய்கள் இணைக்கப்பட, ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் பருமனே உள்ள சிறு நாடிகள் அறுபட்டபடியே விடப்பட்டன. போஷணை குன்றியதால் மூச்சுக் குழாயின் இணைப்பு அழுகிப் பிரிந்தது. 1963 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதர் ஒருவருக்கு நுரையீரல் மாற்றினார். அந்நோயாளி 18 நாட்களின் பின் சிறுநீரகம் பழுதுற்று இறந்தார். அடுத்து வந்தோருள் பலரைக் கொன்றது அந்த இணைப்பே. 1983 இல் டொரன்டோவில் ஜோயல் கூப்பர், வயிற்றினுள் உள்ள கொழுப்புத் திரையை இணைப்பின்மேல் சுற்றி வெற்றி கண்டார்.

சிறு நாடியையே தைத்து இணைக்கும் வழியும் உண்டு. பிரெஞ்சு வைத்தியர் ஆன்றி மெத்ரா அதனை 1950 இல் நாய்களில் செய்து காட்டினார். 1990களில் கோபன்ஹேகன் வைத்தியர், மார்பெலும்பின் உட்புறம் ஓடும் நாடியை அதனுடன் பொருத்தி, மனிதரிடத்தும் அக்குருதியோட்டத்தை மீட்டனர். மூச்சுக் குழாயைக் குட்டையாக வெட்டி இணைக்கும் வழக்கம் வந்தபின், இந்நெடிய வேலையை மேற்கொள்வோர் இன்று சிலரே.

கரேலின் வாழ்வில் களங்கமும் உண்டு. அதை நான் மாணவரிடம் மறைப்பதில்லை. 1935 இல் வெளிவந்த தம் நூலில், கொடிய குற்றவாளிகளை நச்சுவாயுவால் அகற்றலாம் என்றும், மேலோரின் இனமே பெருக வேண்டும் என்றும் வாதாடினார். ஜெர்மானியருக்குப் பணிந்த விஷி அரசின் ஆதரவில் ஒரு நிறுவனம் நடத்தி, 1944 இல் பாரிசில் பழிச்சொற்களுக்கிடையே மறைந்தார்.

மிகச் சிறிய நாடியையும் கைவிட வேண்டியதில்லை என்ற நிலையை அவர் கை உண்டாக்கிற்று. எளிய மனிதரையும் கைவிடலாகாது என்பதை அவர் உள்ளம் கற்கவில்லை. கையின் கல்வி வேறு, நெஞ்சின் கல்வி வேறு என்று மாணவருக்கு உணர்த்த இதனினும் ஏற்ற சரிதையை நான் அறியேன்.