எண்ணெய்க்காகப் பதவி இழந்த மொசாதிக்

ஈரானிய தேசியத் தலைவர் முகமது மொசாதிக் 1882-ல் பிறந்தார். சுவிட்சர்லாந்தில் சட்டம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். 1951-ல் பிரதமராகி, பிரிட்டிஷ் கம்பெனி வசமிருந்த எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை அமல் செய்தார்.

தன் நிலக்கரிச் சுரங்கங்களை 1947-ல் நாட்டுடைமையாக்கிய பிரிட்டன், ஈரான் அதையே செய்தபோது கொதித்தெழுந்தது. ஹேக் சர்வதேசக் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. மொசாதிக் நேரில் சென்று நாட்டின் நியாயத்தை எடுத்துரைத்தார். வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 1952-ல் கோர்ட் கூறிவிட்டது.

கோர்ட்டில் முடியாததைச் சதி முடித்தது. ஜனநாயகக் காவலன் என்று சொல்லிக்கொண்ட அமெரிக்கா, பிரிட்டனுடன் சேர்ந்து 1953 ஆகஸ்டில் அவரது ஆட்சியைக் கவிழ்த்தது. மன்னர் ஷாவின் கை ஓங்கியது. மொசாதிக் 3 ஆண்டு சிறையிலும், பிறகு சொந்தக் கிராமத்தில் வீட்டுக் காவலிலும் இருந்து 1967-ல் காலமானார்.

சதியில் தன் பங்கை அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஒப்புக்கொண்ட ஆண்டு 2013.