வாக்குரிமையின் வாயிலைத் திறந்தவர்

சட்டம் ஓர் உரிமையை வழங்கிவிடலாம். அவ்வுரிமை கடைக்கோடிச் சிற்றூரில் வாழ்பவரையும் சென்றடைய வேண்டுமெனில், அதற்கான வழியை ஒருவர் அமைத்துத் தர வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் வாக்குரிமைக்கு அத்தகைய வழியை அமைத்தவர் சுகுமார் சென். நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்.

இளமையும் பணியும்

வங்காளத்தைச் சேர்ந்த சுகுமார் சென், கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிலும் இலண்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். கணிதத்தில் தங்கப்பதக்கம் பெற்றார். 1920களின் தொடக்கத்தில் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்து, வங்காள மாவட்டங்களில் பணியாற்றினார், நீதிபதியாகவும் விளங்கினார். பின்னர் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக உயர்ந்தார். 1950ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேர்தல் ஆணையப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1951ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே தேர்தலை நடத்திவிடப் பிரதமர் நேரு விரும்பினார். செய்ய வேண்டிய பணியின் பெருமளவை உணர்ந்த சென், மேலும் காலம் வேண்டுமென்றார். 21 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் அரசியலமைப்பு வாக்குரிமை வழங்கியிருந்தது. ஏறத்தாழ 17 கோடிப் பேர் பட்டியலில் இடம்பெற வேண்டியிருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள்.

பெயரைத் தேடிய பணி

பெயரைப் பதிவதே முதல் இடர்ப்பாடாயிற்று. வடமாநிலங்கள் சிலவற்றில், அயலாரிடம் தம் பெயரைக் கூறும் வழக்கம் பெண்களிடம் இல்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே அவர்கள் தம்மைக் குறிப்பிட்டனர். பட்டியலிலும் அவ்வாறே பதிவாயிற்று.

இந்நிலை சென்னைக் கடும் சிக்கலில் ஆழ்த்தியது. அப்பதிவுகளை ஏற்றால் வாக்களிக்க வருபவர் யாரென உறுதிசெய்ய இயலாது. அன்றியும், பெண் மற்றொருவரின் நிழலாகவே மக்களாட்சிக்குள் நுழைவாள். ஏற்க மறுத்தாலோ அவளது வாக்கே பறிபோகும். பெண்களின் சொந்தப் பெயரைக் கேட்டறிந்து பதியுமாறு அவர் ஆணையிட்டார். பலர் பெயர் கூறினர்; எனினும் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் இறுதிவரை கூறவில்லை. அவர்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

உரிமையைப் பரப்ப வந்தவரே அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. இதனால் எழுந்த கண்டனத்தைச் சென் வெறுக்கவில்லை. அடுத்த தேர்தலுக்குள் அவ்வழக்கம் மறைய அது துணைசெய்யும் என்றே கருதினார். ஆயினும் முதல் தேர்தலில் அப்பெண்கள் இழந்த வாக்கு இழந்ததேயாகும்.

மக்களை நாடிச் சென்ற வாக்குச்சாவடி

பெயர் பதிந்தவர் வாக்களிக்கவும் வழி எளிதாக வேண்டும். நாடெங்கும் அமைக்கப்பட்ட ஏறத்தாழ 1,96,000 வாக்குச்சாவடிகளுள் 27,500க்கும் மேற்பட்டவை பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. எழுத்தறியாதோரும் அடையாளம் காணும் வகையில் காளைகள், குடிசை, விளக்கு, யானை போன்ற சின்னங்கள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டு, அதன்மீது அவரது சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் தாம் விரும்பும் பெட்டியில் சீட்டை இட்டால் போதும். ஒருவரே மீண்டும் வாக்களிப்பதைத் தடுக்க விரலில் அழியா மை இடப்பட்டது.

பனிக்கு முந்திய வாக்கு

இமாசலப் பிரதேசத்தின் உயர்ந்த மலைப்பகுதிகளுள் ஒன்று சினி. குளிர்காலம் வந்துவிட்டால் பனி வழிகளை மூடிவிடும்; நாட்டின் பிற பகுதிகளில் பெருமளவில் வாக்குப்பதிவு நடைபெறும் காலத்தில் அம்மக்கள் வாக்களிக்க இயலாது. நாள்காட்டிக்காக மக்களைக் கைவிடாமல், மக்களுக்காக நாள்காட்டி மாற்றப்பட்டது. 1951 அக்டோபர் 25இல், பனி பொழியுமுன்னரே, அங்கு வாக்குப்பதிவு நடைபெற்றது. முதல் பொதுத்தேர்தலின் முதல் வாக்குகள் தலைநகரில் அன்று, அம்மலையூர்களிலேயே பதிவாயின. அவ்வாறு தொடங்கிய தேர்தல் 1952 பிப்ரவரியில் நிறைவுற்றது.

பிற்காலம்

1953இல் சூடான் நாட்டின் முதல் தேர்தலை நடத்திய ஆணையத்திற்குச் சென் தலைமை வகித்தார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1957இல் இரண்டாம் பொதுத்தேர்தலையும் நடத்தினார். முதல் தேர்தலின் வாக்குப்பெட்டிகளைப் பாதுகாத்து மீண்டும் பயன்படுத்தியதால் செலவு குறைந்தது. பின்னர் பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1963இல் மறைந்தார்.

சுகுமார் சென் மேடையேறி முழங்கியவர் அல்லர். பட்டியலும் பெட்டியும் சின்னமும் நாள்காட்டியுமே அவருடைய கருவிகள். ஆயினும், பெயர் கூறத் தயங்கிய பெண்ணையும் பனிமலையில் வாழ்ந்த உழவரையும் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களாக மதித்து அவர் பணியாற்றினார். பதினெட்டு வயது நிறைந்ததும் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் இளைஞர் ஒவ்வொருவரும் அவர் திறந்த வாயில் வழியாகவே மக்களாட்சிக்குள் நுழைகின்றனர்.