பிணை கேளாத மூலதனம்: ஜோர்ஜ் டொரியோவின் வாழ்வு

புதிதாகத் தொழில் தொடங்க விரும்பும் இளைஞன் வங்கிக்குச் சென்றால் அவனிடம் முதலிற் கேட்கப்படுவது திட்டமல்ல. காணி உறுதியும் பிணையாளிகளின் கையொப்பமுமே. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற வேளையில் செல்வம் கொழித்த அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. ஆய்வுகூடங்களிற் கண்டுபிடிப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தொழிலாக்கப் பணம் தருவோர், ஒருசில செல்வந்தக் குடும்பங்களைத் தவிர, எவருமிலர். இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் ஜோர்ஜ் டொரியோ. துணிகர மூலதனத்தின் தந்தை எனப் போற்றப்படும் இவர் பிறப்பால் பிரெஞ்சுக்காரர்.

1899 இல் பாரிஸில் பிறந்தார். தந்தையார் பேஜோ மோட்டார் நிறுவனத்தின் பொறியியலாளர். 1921 இல் அமெரிக்கா சென்ற டொரியோ, ஹாவார்ட் வர்த்தகக் கல்லூரியில் நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். போர்க்காலத்தில் இராணுவ வழங்கற் பிரிவிற் பணியாற்றிப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார். போர்வீரனின் சப்பாத்து முதல் உணவுப்பொதி வரை அவரது கவனத்திற்குரியனவாயின.

1946 இல் பொஸ்டன் நகரப் பிரமுகர்கள் சிலர் அமெரிக்க ஆய்வு அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை நிறுவினர். டொரியோ அதன் தலைவரானார். பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் பங்குகளை விற்றுத் திரட்டிய பணத்தை அது புதிய கம்பனிகளில் இட்டது. கடனாக மட்டுமன்றிப் பங்காகவும் இட்டது. கம்பனி வீழ்ந்தால் பங்குக்கு இட்ட பணமும் வீழும். ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் இடும் முளாரபாவை அறிந்த எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று.

டொரியோ திட்டத்தை விட மனிதரையே கூர்ந்து நோக்கினார். நடுத்தரமான எண்ணத்துடன் வரும் திறமைசாலியை அவர் நம்பினார். சிறந்த எண்ணத்துடன் வரும் திறமையற்றவரை நம்பவில்லை. 1957 இல் கென் ஓல்சன், ஹார்லன் அண்டர்சன் என்ற இரு இளம் பொறியியலாளர்கள் அவரது நிறுவனத்தை நாடினர். கணினி செய்வதே அவர்களது நோக்கம். ஆனால், பெரிய கம்பனிகளே கணினியில் நட்டமடைந்த காலம் அது. எனவே, அச்சொல்லைத் திட்டத்திலிருந்து நீக்குமாறு நிறுவனத்தார் அவர்களுக்கு ஆலோசனை கூறினர். முதலில் மின்னணுச் சுற்றுப்பலகைகளை விற்று இலாபம் காட்டுவது, கணினியைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. வியாபாரத் திட்டம் என்பது உண்மையை மறைக்கும் கடதாசியா என்று சிலர் கேட்கக்கூடும். தயங்கும் பணிப்பாளர் சபையை அச்சுறுத்தாத ஒழுங்கில் வேலையை அடுக்கியமை என்றே நாம் அதனைக் கருதுகிறோம்.

70,000 டொலருக்கு நிறுவனம் ஏறக்குறைய 70 சதவீதப் பங்கைப் பெற்றது. பழைய கம்பளி ஆலையொன்றில் பிறந்த டிஜிற்றல் எக்குயிப்மென்ட் கம்பனி இரண்டே ஆண்டுகளில் தனது முதற் கணினியை வெளிக்காட்டியது. 1972 அளவில் அந்த 70,000 டொலரின் பெறுமதி 350 மில்லியன் டொலரைக் கடந்திருந்தது.

இத்தகைய வெற்றிகளுக்கு இடையில் தோல்விகளும் இருந்தன. தடுமாறிய கம்பனிகளை டொரியோ எளிதிற் கைவிடவில்லை; பிள்ளைகளைப் போல் பேணினார். பங்குதாரர் சிலருக்கு இப்பொறுமை கசந்தது. பங்குச் சந்தைக்குட்பட்ட நிறுவனமாதலால் அரச ஒழுங்குவிதிகள் அதன் கைகளைக் கட்டின. கம்பனிகளைத் தேடிக் கண்டுபிடித்த சொந்த ஊழியர்களுக்கு அவற்றின் வளர்ச்சியில் உரிய பங்கை வழங்கவும் முடியவில்லை. முயற்சியாளன் செல்வந்தனாக, அவனை இனங்கண்டவன் சம்பளத்துடன் நின்றான். இது டொரியோவின் பெருங்குறை என்றே கூறுவோம். அவரிடம் நீண்டகாலம் பணியாற்றிய வில்லியம் எல்பர்ஸ் 1965 இல் பிரிந்து சென்று, இலாபத்தை முகாமையாளரும் பகிரும் பங்குடைமை முறையில் கிரேலொக் நிறுவனத்தை ஆரம்பித்தார். பிற்காலத்தில் துணிகர மூலதன நிதியங்கள் பெரும்பாலும் அம்முறையையே பின்பற்றின.

டொரியோவின் நிறுவனம் 1972 இல் டெக்ஸ்ட்ரன் கம்பனியுடன் இணைந்து தனித்தன்மையை இழந்தது. பிரான்ஸில் அவர் முன்னின்று உருவாக்கிய இன்சியாட் வர்த்தகக் கல்லூரி இன்றும் இயங்குகிறது. 1987 இல் பொஸ்டனில் அவர் காலமானார்.