ராப் ராய் மக்ரெகர்

ராப் ராய் மக்ரெகர் (1671 – டிசம்பர் 28, 1734) ஸ்கொட்லாந்தின் உயர்நிலப் பகுதியில் வாழ்ந்த மாட்டு வணிகரும், பின்னர் சட்டத்துக்குப் புறம்பானவர் என அறிவிக்கப்பட்டவரும் ஆவார். ஸ்கொட்லாந்து மக்களின் நாட்டார் வீரர்களுள் ஒருவராக இவர் போற்றப்படுகிறார். இவருடைய குலப்பெயரான மக்ரெகர் அரசினால் தடைசெய்யப்பட்டிருந்தமையால், வாழ்நாளின் பெரும்பகுதியில் இவர் தமது சொந்தப் பெயரைச் சட்டப்படி பயன்படுத்த இயலவில்லை. ஆவணங்களில் தாய்வழிப் பெயரான காம்பெல் என்பதையே கொண்டிருந்தார்.

பெயர்க் காரணம்

உயர்நில மக்களின் மொழியான கேலிக்கில் மக் என்பது மகன் எனப் பொருள்படும். கிரெகர் என்பது, விழிப்புடன் இருப்பவர் என்னும் பொருளுடைய கிரேக்கப் பெயரிலிருந்து தோன்றியது. ஆகவே மக்ரெகர் என்பதற்குக் கிரெகரின் மகன் என்பது பொருள். இக்குலத்தினர் தம்மைப் பழைய ஸ்கொட்லாந்து அரச மரபினர் எனக் கூறிக்கொள்வர். ஆயினும் இது குல மரபுக் கதையே. ராய் என்பது குலப்பெயரன்று. சிவப்பு எனப் பொருள்படும் கேலிக் சொல்லின் ஆங்கில வடிவமான அது, இவரது செந்நிறத் தலைமுடி காரணமாக அமைந்த பட்டப்பெயராகும்.

தடைசெய்யப்பட்ட பெயர்

மக்ரெகர் குலத்தினர் கிளென் ஓர்க்கி, கிளென் ஸ்ட்ரே முதலிய பள்ளத்தாக்குகளில் வாழ்ந்து வந்தனர். அந்நிலங்களுக்கு அரசரிடமிருந்து எழுத்துமூல உரிமை பெற்ற காம்பெல் குலத்தினர் அவர்களைப் படிப்படியாக வெளியேற்றினர். நிலமிழந்தவர்களுட் பலர் மாடுகளைக் கவர்ந்து வாழத் தலைப்பட்டனர். 1603 பெப்ரவரி 7 ஆம் நாள் கிளென் புரூயின் என்னுமிடத்தில் அவர்கள் கொல்கூன் குலத்தினருடன் போரிட்டுப் பெரும் உயிர்ச்சேதம் விளைவித்தனர்.

அப்போது ஸ்கொட்லாந்தை ஆண்ட ஆறாம் ஜேம்ஸ், எலிசபெத் அரசியின் மறைவையடுத்து இங்கிலாந்தின் அரியணையையும் ஏற்கப் புறப்படும் தறுவாயில் இருந்தார். அவர் எடின்பரோவை விட்டு நீங்குவதற்கு இரு நாட்களுக்கு முன்னர், 1603 ஏப்ரல் 3 ஆம் நாள், மக்ரெகர் என்னும் பெயரை ஒழிக்கும் ஆணையை அரச ஆலோசனைச் சபை பிறப்பித்தது. அப்பெயரைத் துறக்க மறுப்போருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குலத் தலைவர் அலாஸ்டர் 1604 சனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். நால்வருக்கு மேல் ஒன்றுகூடுதலும், உணவை வெட்டுவதற்கான முனை மழுங்கிய கத்தி தவிர வேறு ஆயுதம் வைத்திருத்தலும் பின்னர் இக்குலத்தினருக்குத் தடைசெய்யப்பட்டன.

இதனால் குலத்தினர் காம்பெல், டிரம்மண்ட், கிரகாம், மரே, ஸ்டூவர்ட் போன்ற பெயர்களை ஏற்றனர். பெரும்பாலும் தாம் வாழ்ந்த நிலத்தின் உரிமையாளரது பெயரையோ, தம்மைக் காத்தவரது பெயரையோ அவர்கள் தெரிந்துகொண்டனர். உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்று போரிட்டமைக்காக, 1661 இல் இரண்டாம் சார்லஸ் காலத்தில் இத்தடை நீக்கப்பட்டது.

பிறப்பும் இளமையும்

ராப் ராய் கேட்ரின் ஏரியின் தலைப்பகுதியிலுள்ள கிளென்கைல் என்னுமிடத்தில் பிறந்தார். 1671 மார்ச் 7 ஆம் நாள் இவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. அப்போது தடை நீங்கிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. தந்தை டொனால்ட் கிளாஸ் மக்ரெகர். தாய் மார்கரெட் காம்பெல். தாய் பிறந்த குலம், தந்தையின் குலத்தை நிலத்திலிருந்து அகற்றிய அதே பெயருடைய குலமாகும்.

அரியணையிழந்த ஏழாம் ஜேம்சுக்கு ஆதரவாக 1689 இல் உயர்நிலத்தினர் கிளர்ந்தெழுந்தபோது, தந்தையும் மகனும் அவர்களுடன் சேர்ந்தனர். கிளர்ச்சி தோல்வியுற்றது. தந்தை சிறைப்பட்டு, சில காலத்தின் பின்னரே விடுதலையானார். 1693 இல் மூன்றாம் வில்லியம் ஆட்சியில் பெயர்த்தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே ராப் ராய் தமது குலத்தைச் சேர்ந்த மேரி எலன் என்பவரை மணந்தார். இருபத்திரண்டு வயதுவரை மக்ரெகராக வாழ்ந்த இவர், அதன் பின்னர் சட்டத்தின் முன் ராபர்ட் காம்பெல் ஆனார்.

மாட்டு வணிகம்

லொமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் இன்வர்சினெயிட் பகுதியில் இவர் நிலம் பெற்றார். உயர்நில மாடுகளை வாங்கித் தாழ்நிலச் சந்தைகளுக்கு ஓட்டிச்சென்று விற்பது இவரது தொழிலாகும். அத்துடன், பணம் பெற்றுக்கொண்டு பிறரது மந்தைகளைக் கள்வரிடமிருந்து காக்கும் காவற்படை ஒன்றையும் நடத்தினார். பணம் கொடுக்க மறுத்தவரின் மாடுகள் காணாமற் போவதும் உண்டு. இத்தகைய காவற்பணத்தைக் குறித்த சொல்லே இன்று ஆங்கிலத்தில் மிரட்டிப் பணம் பறித்தலைக் குறிக்கும் சொல்லாக வழங்குகிறது.

மாடு வாங்குவதற்கு இவர் மொன்ட்ரோஸ் டியூக்கிடம் பெருந்தொகை கடன் பெற்று வந்தார். ஏறத்தாழ 1,000 பவுண்டு பணத்துடன் இவரது பணியாள் ஒருவர் மறைந்துவிட்டார் என்று கூறப்படுகிறது. 1712 இல் எடின்பரோச் செய்தித்தாள் ஒன்றில் இவரைப் பிடித்துத் தருமாறு அறிவித்தல் வெளியாயிற்று. அதில் முதலில் இவரது சட்டப்பெயரான காம்பெல்லும், பின்னர் மக்கள் வழக்கில் அறியப்பட்ட ராப் ராய் மக்ரெகர் என்னும் பெயரும் குறிக்கப்பட்டிருந்தன. கடன் பெற்றவர் காம்பெல் என்றாலும், நாடு தேடியது மக்ரெகரையே. இவரது நிலம் பறிக்கப்பட்டது. குடும்பமும் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது.

தலைமறைவு வாழ்க்கை

இதன் பின்னர் இவர் மொன்ட்ரோஸ் டியூக்கின் மாடுகளையும் குத்தகைப் பணத்தையும் கவர்ந்து வந்தார். 1716 இல் டியூக்கின் காரியஸ்தரையே, அவர் வசூலித்த பணத்துடன் சிறைபிடித்துச் சில நாட்களின் பின் விடுவித்தார். டியூக்கின் அரசியற் போட்டியாளரும் காம்பெல் குலத் தலைவருமான ஆர்கைல் டியூக் இவருக்கு அடைக்கலம் அளித்தார்.

1715 ஆம் ஆண்டு ஜாக்கோபைட் கிளர்ச்சியில் இவர் சேர்ந்தார். எனினும் ஷெரிப்மூர் போரில் இவரது படை குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கவில்லை. கிளர்ச்சியாளருக்கு 1717 இல் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, மக்ரெகர் குலத்தினர் அதிலிருந்து பெயர் குறிப்பிட்டு விலக்கப்பட்டனர். சட்டப்படி இல்லாதிருந்த ஒரு பெயர், தண்டனைக்கு மட்டும் சட்டத்தில் இடம்பெற்றது. அதே ஆண்டில் இருமுறை பிடிபட்ட ராப் ராய் இருமுறையும் தப்பினார். 1719 இல் கிளென் ஷீல் போரிலும் கலந்துகொண்டார். இவரது நிலப்பகுதியைக் கட்டுப்படுத்த அரசு இன்வர்சினெயிட்டில் படைமுகாம் ஒன்றை அமைத்தது.

இறுதிக் காலம்

1725 இல் தளபதி வேடிடம் பணிந்து மன்னிப்புப் பெற்றபின், பல்குவிடர் பகுதியில் அமைதியாக வாழ்ந்தார். 1734 டிசம்பர் 28 ஆம் நாள் அங்கேயே காலமானார். பல்குவிடர் தேவாலய வளாகத்தில் இவரது கல்லறை உள்ளது. இவருக்கு நான்கு மகன்கள் இருந்தனர். அவர்களுள் இளையவரான ராபின், பெண்ணொருவரைக் கடத்திய குற்றத்துக்காக 1754 இல் தூக்கிலிடப்பட்டார்.

பெயரின் மீட்சி

ராப் ராய் இறந்து நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1774 இல் பெயர்த்தடை முற்றாக நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து தலைமுறைகள் வேறு பெயர்களில் வாழ்ந்த பின்னரும், குலத்தினர் தமது மரபை மறக்கவில்லை. 826 பேர் கையொப்பமிட்டு, கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையில் பணியாற்றிய ஜோன் மரே என்பவரைத் தமது தலைவராக ஏற்றனர். எனினும் ஏற்ற பெயரிலேயே தொடர்ந்து வாழ்ந்த குடும்பங்களும் பலவாகும். எனவே ஸ்கொட்லாந்தில் காம்பெல், டிரம்மண்ட் போன்ற பெயருடைய ஒருவரின் முன்னோர் மக்ரெகராக இருந்திருக்கவும் கூடும். குலப்பெயரை மட்டும் கொண்டு வமிசத்தைத் துணிதல் இயலாது.

இலக்கியத்திலும் நினைவிலும்

வால்டர் ஸ்கொட் 1817 இறுதியில் வெளியிட்ட ராப் ராய் என்னும் புதினம் இவரை உலகறியச் செய்தது. 1995 இல் லியாம் நீசன் நடித்த திரைப்படமும் இதே பெயரில் வெளிவந்தது. பல்குவிடர் கல்லறையில் பிற்காலத்தில் எழுதப்பட்ட வாசகம், யார் தடுத்தபோதிலும் மக்ரெகரே எனப் பொருள்படுவதாகும். சட்டம் இவருக்கு இட்ட காம்பெல் என்னும் பெயர் அதில் இல்லை.