பணிக்கரும் ராமானுஜமும்

ஏலமலைச் சாரலின் அடியில் உள்ள போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பர். பருத்த காய்க்கு ஒரு விலை. சிறுத்த காய்க்கு வேறு விலை. வணிகத்திற்கு அது முறையே. மாணவரைச் சலிக்கும் சல்லடையிலோ மணமுள்ள மணிகளும் நழுவிவிடுவதுண்டு. அவ்வாறு நழுவியிருக்கக்கூடிய ஒருவரைக் கையிலேந்திக் காத்தவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்.

1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், இளமையிலேயே குடும்பச் சுமையை ஏற்றுத் தந்தித் துறையில் பணிபுரிந்தார். 1936-இல், இருபத்தைந்து வயதான பின்னரே, சென்னை அரசு கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்குத் தலைமை வகித்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராகி, 1957-இல் ராய் சௌத்ரியின் இடத்தில் முதல்வராகவும் அமர்ந்தார் பணிக்கர். காலந்தாழ்ந்து வந்தவருக்கும் கலையின் கதவு திறக்கும் என்பது அவர் தம் வாழ்விலேயே கண்ட உண்மை.

அவரை நாடி வந்தவர்களுள் ஒருவர் கே. ராமானுஜம். அவருக்குப் பேச்சு எளிதில் வாராது. பிறரோடு கலந்து பழகுதலும் அரிது. ஆனால் மையும் தாளும் கிடைத்துவிட்டால், மாடமாளிகைகளும் பாம்புகளும் பறவைகளும் நிறைந்த கனவு நகரங்கள் அவர் கையில் எழும். அவற்றினூடே தொப்பி அணிந்த உருவமாகத் தம்மையும் வரைந்துகொள்வார்.

பணிக்கரோ அந்நாளில் எழுத்துகளையும் குறியீடுகளையும் கொண்டு வேறொரு வழியில் சென்றுகொண்டிருந்தார். தம் வழியை மாணவர்மீது அவர் சுமத்தவில்லை. அக்கனவுலகம் ராமானுஜத்துக்கே உரியது என்றுணர்ந்து, அதனை ஊறின்றி வளரவிட்டார்.

1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் பணிக்கரின் முயற்சியால் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஈட்டிய பணத்தில் ஓவியர்கள் தாமே நிலம் வாங்கினர். ராமானுஜத்துக்கும் அங்கே உறைவிடம் கிடைத்தது.

ஆயினும் உள்ளத்தின் தனிமை அவரை விட்டகலவில்லை. 1973-இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆசிரியர் அதன்பின் நான்காண்டுகளும் முழுமையாக வாழவில்லை. 1977 ஜனவரியில் மறைந்தார்.

அன்பினால் எல்லாத் துயரையும் துடைத்துவிட இயலாது. மாணவரின் உயிரைப் பணிக்கரால் காக்க இயலவில்லை. அவர் கையில் இருந்த கலையைக் காத்தார். பேச இயலாதவர் பேசிய மொழியாக அவ்வோவியங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன.