பாவ்லோவும் வெள்ளம் கண்ட நாய்களும்

உளவியல் பயின்றோர் யாவரும் அறிந்த பெயர் இவான் பாவ்லோவ். மணியோசை கேட்டு உமிழ்நீர் சுரந்த நாய் என்னும் ஒற்றை வரியில் அப்பேரறிஞரின் வாழ்வை நாம் அடக்கிவிடுகிறோம். அவர் பெரிதும் கையாண்டது மணியையன்று. தாளமானியையும் ஒளியையும் பிறவற்றையுமே என்பதைக்கூட நம் வகுப்பறைகளில் எடுத்துரைப்பார் குறைவு.

1849-இல் ருசிய நாட்டின் ரியாசான் நகரில் சமயகுரு ஒருவரின் மைந்தராகப் பிறந்த அவர், சமயக் கல்வியை இடையில் விடுத்து, 1870-இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் புகுந்தார். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

ஒலியோடு உணவைப் பலமுறை சேர்த்தளித்தால், ஒலி கேட்ட அளவிலேயே நாய்க்கு உமிழ்நீர் ஊறும். பின்னர் உணவின்றி ஒலியை மட்டும் தொடர்ந்து எழுப்பினால் அவ்வூற்று வற்றிவிடும். நாய் மறந்துவிட்டது என்றே நாம் கருதுவோம். பாவ்லோவ் அவ்வாறு கருதினாரில்லை. சிறிது நேரம் கழித்து அதே ஒலியை எழுப்பியபோது உமிழ்நீர் மீண்டும் சுரந்தது. ஆகவே முன்னர்க் கற்றது அழிவதில்லை, பின்னர்க் கற்றது அதனை அடக்கியே வைக்கிறது என அவர் தெளிந்தார். அந்நியர் காலடியோசையும் சோதனையைக் குலைத்தமையால், ஓசை புகாத தடித்த சுவர்களோடு, மௌனக் கோபுரம் எனப் பெயர் பெற்ற ஆய்வகம் ஒன்றும் எழுந்தது.

எனினும் சூழலின் வலிமையை அவருக்கு உணர்த்தியது ஓர் இயற்கைச் சீற்றமே. 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரை வெள்ளம் சூழ்ந்தது. கூண்டுகளில் நீர் ஏற, பணியாளர்கள் நாய்களை நீந்தச் செய்து கரைசேர்த்தனர். உயிர் பிழைத்த நாய்களுள் சில, கற்றவற்றை அறவே இழந்து நின்றன. நாளடைவில் ஒரு நாய் தேறியது. அந்நாய் நின்ற அறையின் கதவடியில் சிறிது நீரைக் கசியவிட்டார்கள், அவ்வளவே! பழைய அச்சம் திரும்பியது. கற்றவை மீண்டும் மறைந்தன.

இதனோடு ஒப்பிடத்தக்க பிற்கால ஆய்வொன்றும் உண்டு. 1979-இல் அமெரிக்க உளவியலார் பூட்டனும் போல்ஸும் எலிகளுக்கு ஒரு பெட்டியில் ஓர் அறிகுறியைக் கண்டு அஞ்சக் கற்பித்தனர். வேறொரு பெட்டியில் அவ்வச்சத்தைத் தணித்தனர். முதற்பெட்டிக்கு மீண்டதும் அச்சமும் மீண்டது. அஞ்சவேண்டாம் என்னும் பிற்பாடமே இடத்தைப் பெரிதும் சார்ந்து நிற்கிறது போலும். வகுப்பில் தேர்வச்சம் நீங்கிய மாணவர் தேர்வுக்கூட வாயிலில் நடுங்குவதைக் கண்ட நமக்கு இது வியப்பன்று.

1936 பிப்ரவரியில், தம் 86-ஆம் அகவையில் லெனின்கிராடில் மறைந்த பாவ்லோவ் இவ்வாய்வைக் காணும் பேறு பெற்றாரில்லை.